பீரோவுக்குப் பின்னால் ஒரு பாட்டில்

பேக்கரி வாசலில் ஈஸ்ட் வாடை அடித்தால் போதும், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு ஞாபகத்துக்கு வந்துவிடும். அந்த இரண்டு அறைகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கெமிஸ்ட்ரி புராஜெக்டுக்கு, வாழைப்பழத்தைப் புளிக்கவைத்து எத்தனால் எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். திருச்சியில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்! கறுத்துப்போன பூவன் பழங்களைக் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரும் ஈஸ்டும் கலந்து பாட்டிலில் ஊற்றினேன். மூடியில் துளை போட்டு ஒரு குழாய், அதன் நுனி சுண்ணாம்புத் தெளிநீரில். மறுநாள் குமிழ் குமிழாக வந்து அந்தத் தெளிநீர் வெளுத்துக் கலங்கியபோது டீச்சரே கைதட்டினார். பொங்கல் லீவில் லேபைப் பூட்டிவிடுவார்கள் என்று பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

அங்கேதான் சிக்கல். அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி தொட்டால், என்னையும் கூட்டிக்கொண்டு லால்குடி மாமா வீட்டுக்குப் போய்விடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். தினமும் சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாளியில் ஊறப்போடுவாள். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் முகம் கழுவப் போவார்.

அந்த வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது? பாட்டிலை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டையை எடுக்க அறைக்குள் வந்த அம்மா அப்படியே நின்றாள். சட்டையை முகர வேண்டிய அவசியமே இல்லை, அறை முழுக்கச் சாராய வாடை அடித்தது.

"உங்க வேலையக் காட்டிட்டீங்கல்ல?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மா பரணிலிருந்து பையை இறக்கிப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். அப்பா சத்தம் போடுவார், சத்தியம் செய்வார் என்று காத்திருந்தேன். தரையைப் பார்த்தபடி நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு பாட்டிலை வெளியே இழுத்தேன். "அம்மா, இதுதாம்மா. என் ஸ்கூல் புராஜெக்ட்."

அம்மா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அம்மா புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தாள்.

லீவு முடிந்து லேபில் காய்ச்சி வடித்தபோது நாலு ஸ்பூன்கூடத் தேறவில்லை. ஆனாலும் தீக்குச்சி காட்டியதும் நீலமாக எரிந்தது. பெருமையடிக்க வீட்டுக்கு ஓடினேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். சட்டையைக் கழற்றி, வழக்கத்துக்கு மாறாக, அம்மாவிடமே நீட்டினார்.

"இந்தா, மோந்து பாத்துக்க."

அம்மா வாங்கினாள். முகத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே வாளியில் போட்டாள்.