குழாய்ச் சின்னத்தில் நின்ற டீச்சர்

அம்மாவோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவள் தேர்தலில் தோற்றாள். எப்படித் தோற்றாள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. எரிச்சல் குறையவில்லை.

பெயர் ஜெபமாலையம்மாள். பிறந்தது ஆவூர். கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றாள். தெருவில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள்.

அந்தப் பள்ளிக்கு முன்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. கட்டியவர்கள் வாட்டத்தை மாற்றிக் கட்டிவிட்டார்கள். பெரிய வாய்க்காலை நோக்கிச் சரிய வேண்டிய தளம் பள்ளிக்கூடத்தை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தெருவின் கழிவு மொத்தமும் பள்ளி வாசலுக்கு வரும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்து வகுப்புக்குப் போவார்கள்.

நான் கட்டுமானப் பொறியாளர். சென்னையில் வேலை. ஒரு விடுமுறையில் டியூப்பில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தேன். இடித்துத் திரும்பக் கட்டுவதைத் தவிர வழியில்லை என்று சொன்னேன். அம்மா மனு கொடுத்தாள். சாக்கடையைத் தூர்வாரினார்கள். மறுபடி கொடுத்தாள். மறுபடி தூர்வாரினார்கள்.

"தூர் வாருனா வாட்டம் மாறுமாடி?" என்று போனில் என்னிடம் கத்தினாள், வாரியது நான்தான் என்பதுபோல.

அப்போது புதுக்கோட்டை நகராட்சி. இன்னும் மாநகராட்சி ஆகவில்லை. தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அம்மா யாரிடமும் கேட்காமல் போய்ச் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தாள்.

"இவ ஜெயிச்சா மொதக் கூட்டத்துலயே சேர்மனை முட்டி போட வச்சிருவா" என்றார் அப்பா. அப்பா சார்லஸ், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து வெகு நாளாகிறது.

"டீச்சர், ஒங்க சின்னத்தைத் தெறந்தா காத்துதான் வருது" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள்.

"காத்தாச்சும் ஒழுங்கா வருதுல்ல?" என்றாள் அம்மா.

பிரசாரத்துக்கு ஆட்டோவும் மைக்கும் கொண்டுவந்தவன் சிவபிரகாஷ், அவளிடம் படித்தவன். அவனுக்கு ஓட்டு இருந்தது இலுப்பூரில், மாமனார் ஊரில். இங்கே அவன் அண்ணன் திருமுருகனுக்கு ஓட்டு உண்டு. திருமுருகன் துபாயில் இருந்தான்.

நானும் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பிரசாரத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. செவந்தி என்ற அம்மாள் வீட்டுப் பட்டாவை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார்.

"பட்டா தாலுகா ஆபீஸ் வேலை. கவுன்சிலர் வாங்கித் தர முடியாது" என்றாள் அம்மா.

"ஒங்களை எதுத்து நிக்கிற அமுதவல்லி வாங்கித் தாரேன்னுச்சே?"

"பொய்யி."

சிவபிரகாஷ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கெஞ்சினான். "டீச்சர், 'பாக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது பொய்யில கூடச் சேராது."

"நான்தான் பாக்க மாட்டேனேடா."

அமுதவல்லி கட்சி வேட்பாளர். அவர் போகும் தெருவில் வாசலுக்கு வாசல் ஆரத்தித் தட்டு நிற்கும், தட்டில் நோட்டு விழும். அம்மா வந்தபோதும் தட்டோடு நின்றார்கள். "வெயில்ல எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள போங்க" என்றாள். போய்விட்டார்கள். அடுத்த தெருவில் தட்டே வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஜனங்கள் அவள் பக்கம் சாய்ந்தார்கள். அதுதான் கொடுமை. ஒவ்வொரு வீட்டிலும் சாக்கடையைப் பற்றி மட்டும் பேசினாள். எங்கே உடைக்க வேண்டும், எங்கிருந்து எங்கே சரிய வேண்டும் என்று சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினாள். புரிந்ததா என்று கேட்டாள். புரியாதவருக்குத் திரும்ப வரைந்தாள்.

"பஸ்ஸுல ஏறுற கூட்டத்தைப் பாத்தே வசூலைச் சொல்றவன் நான். இவ தேறிருவா" என்றார் அப்பா.

வாக்குச்சாவடி அதே பள்ளிக்கூடத்தில். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் அம்மா ஒவ்வொரு தேர்தலுக்கும் டியூட்டிக்குப் போனவள். விராலிமலைப் பக்கமும் ஆலங்குடிப் பக்கமும் முதல் நாளே போய், பள்ளி பெஞ்சில் படுத்து எழுந்து, மறுநாள் சாவடியை நடத்திவிட்டு வருவாள். பிசகு என்று ஒரு பேச்சு வந்ததில்லை. வேட்பாளராக நிற்கும்போது அதை மறந்திருக்கலாம். மறக்கவில்லை.

நான் அவளுடைய ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அம்மா சாவடியைப் பார்க்க வந்தாள். வந்தவள் முதலில் மேசையை வெளிச்சத்துக்குத் தள்ளிப் போடச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வரிசையில் சிவபிரகாஷ் வந்து நின்றான். கையில் அண்ணனுடைய அடையாள அட்டை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

"திருமுருகன்" என்று அலுவலர் சத்தமாக வாசித்தார். அமுதவல்லியின் ஏஜெண்ட் கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டினார். நான் மேசையைப் பார்த்தேன்.

"இவன் திருமுருகன் இல்ல. தம்பி" என்றாள் அம்மா.

அலுவலர் அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"டீச்சர்..." என்றான் சிவபிரகாஷ். "அண்ணந்தான் போன் பண்ணி, என் ஓட்டை டீச்சருக்குப் போட்டுருன்னு சொன்னான்."

"அவன் வந்து போடட்டும்."

"துபாயிலருந்தா?"

"அப்பப் போட வேண்டாம்."

அமுதவல்லியின் ஏஜெண்ட் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். சேதி வரிசை முழுக்கப் பரவியது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் ஓட்டைப் போட வந்திருந்த சிலர் மெதுவாக நழுவினார்கள். அவர்கள் யாருக்குப் போட வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். சொந்த ஓட்டோடு வந்தவர்கள் சிலரும் கோபித்துக்கொண்டு போனார்கள். "தனக்குப் போட வந்தவனையே புடிச்சுக் குடுத்துட்டாக. நாளைக்கு நம்மளை விடுவாகளா?"

சரி, இனியாவது வாசலில் நின்று மிச்ச ஜனங்களைக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலந்தான் வேலைக்குப் போனவர்கள் ஓட்டுப் போட வருவார்கள். அம்மா செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா போற?"

"ஸ்டேஷனுக்கு. அவன் காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலடி."

"நீதானே புடிச்சுக் குடுத்த?"

"அதான் போறேன்."

வாக்குப்பதிவு முடியும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுதி வாங்கிக்கொண்டு அவனை விட்டார்கள். அவனுடைய ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு வந்தாளாம்.

எண்ணிக்கையில் அமுதவல்லி ஜெயித்தார். வித்தியாசம் மிகக் கொஞ்சம். அந்தச் சாயங்காலம் அவள் வாசலில் நின்றிருந்தால் போதும். அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்தமாதிரித் தெரியவில்லை.

அமுதவல்லி பதவியேற்ற மறு வாரம் அம்மா அவர் வீட்டுக்குப் போனாள், சாக்கட்டியோடு. அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். "தோத்தும் என்னை விட மாட்டேங்குறீங்களே டீச்சர்" என்று அமுதவல்லி வாசலில் நின்று அழாத குறையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நகராட்சி மாநகராட்சி ஆனது. அம்மா போவதை நிறுத்தவில்லை. கடைசியில் பணம் ஒதுக்கினார்கள். தெருவின் அந்தக் கோடியிலிருந்து சாக்கடையை உடைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தினமும் போய் நின்று பார்த்தாள். பள்ளி வாசல் மட்டும் பாக்கி இருந்தபோது, ஒரு காலையில் சர்ச் பூசைக்குக் கிளம்பியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அமுதவல்லி வீட்டுக்கு வந்தார். கூடவே சிவபிரகாஷ்.

"கான்ட்ராக்டர் பள்ளிக்கூட வாசல்ல தளம் போட்டுட்டாரு. சரியா இருக்குங்குறாரு. எனக்கு என்ன தெரியும்? ஒங்கம்மா இருந்தா இந்நேரம் என்னைய வீட்டுல இருக்க விட்டுருப்பாகளா? வாம்மா, வந்து பாத்துச் சொல்லு."

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

"டீச்சரும் மொதல்ல நேரமாச்சும்பாக. அப்பறம் ஒரு மணி நேரம் பேசுவாக" என்றான் சிவபிரகாஷ்.

டியூப் இன்னும் அம்மாவின் பீரோவில் இருந்தது. ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான். தண்ணீர் அசைந்து நின்றது. பள்ளி வாசலில் தளம் இரண்டு விரல் தணிந்திருந்தது. அதே தப்பு.

"ரெண்டு வெரல்தானே, தண்ணி போயிருங்க" என்றார் கான்ட்ராக்டர். "டீச்சரம்மாவும் இல்ல. இனிமே யாரு பாக்கப் போறா?"

அமுதவல்லி என்னைப் பார்த்தார். 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம்.

"ஒடைங்க" என்றேன்.

"ஒடைங்க" என்று அமுதவல்லியும் சொன்னார். கான்ட்ராக்டர் முணுமுணுத்துக்கொண்டே ஆளைக் கூப்பிட்டார். அன்றைக்கு பஸ்ஸை விட்டேன். புதுத் தளம் போட்டு முடியும்வரை விடுப்பை நீட்டினேன். எல்லாம் அம்மாவால் வந்தது.