ஒரு ஸ்பூன் பவுடர்

ஓசூரில் மாவு பொங்காது. வந்த முதல் வாரமே அது எனக்குத் தெரிந்துபோனது. மத்தூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் கரைத்து வைத்தால் விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இங்கே மூக்கண்டப்பள்ளியில் நான் குடியிருந்த ஒற்றை அறையிலும் அதே அரிசி, அதே உளுந்து, அதே கைதான். காலையில் பார்த்தால் ஊற்றின மட்டத்திலேயே மாவு உம்மென்று கிடக்கும். துவரம்பருப்புக்கு ஊரில் மூன்று விசில், இங்கே ஐந்து. கம்பெனி பஸ் வந்துவிடுமே என்ற பதற்றத்தில் நானும் அறைத்தோழியும் அந்த இரண்டு விசிலுக்காகக் குக்கரைத் திட்டிக்கொண்டு நிற்போம்.

வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர். ஒருநாள் ஜன்னல் வழியாக என் இட்லியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது மேட்டு ஊரும்மா, குளிரு. மாவுல ஒரு சிட்டிகை சோடா போடு. பத்தலைன்னா இன்னொரு சிட்டிகை போடு, யாரு கேக்கப் போறாங்க?" என்றார். போட்டேன், இட்லி எழும்பியது. அதற்குப் பிறகு எழும்பாத எதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அதுவே என்னைக் கவிழ்த்தது.

நான் வேலை பார்த்தது வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், காண்ட்ராக்டில். ஆறு வருஷம் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒருநாள் லைனை மூடுகிறோம் என்று சொல்லி எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே அப்பா போன் செய்தார். "வேணாம்னு சொல்லிட்டான் இல்ல? அப்புறம் அங்க இன்னாத்துக்குப் பாப்பா? மூட்டயக் கட்டிக்கிட்டு வந்து சேரு. ஒரு எடம் வந்திருக்குது."

எனக்கு இருபத்தேழு வயது. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று நன்றாகத் தெரியும். என் கையில் ஒரு அறைச்சாவி இருந்தது, அதைக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு பெரிய லட்சியமெல்லாம் எதுவுமில்லை, சாமி சத்தியமாக.

எங்கள் தெருமுனை பேக்கரியில் அப்போது கேக் மாஸ்டர் இல்லை, பெங்களூருக்குப் போய்விட்டார். நான் ஒரு சின்ன ஓவன் வைத்திருந்தேன். சென்னை அக்கா ஒருத்தர் போடும் வீடியோவைப் பார்த்துத் தோழிகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுப்பேன். நடுவில் லேசாகக் குழி விழும். க்ரீமை அப்பி நிரப்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தத் தைரியத்தில் பேக்கரி முதலாளியிடம் போய் வேலை கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரு கேக்கு செஞ்சு கொண்டா. க்ரீமு வேணாம். க்ரீமு பூசிட்டா செங்கல்லும் கேக்குதான்."

வீடியோவில் சொன்னபடி ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டேன். நடுவில் குழி. சரி, இந்தக் குளிருக்குப் பத்தவில்லை என்று ஒன்றரை ஸ்பூன் போட்டேன். குழி பெரிதானது. ஞாயிறு காலை இரண்டு ஸ்பூன். கண்ணாடிக்குள்ளே அது டின்னைத் தாண்டி எழும்பியதே, பார்க்கவேண்டும்! கைதட்டினேன். தோழியைக் கூப்பிட்டேன். அவள் வந்து குனிவதற்குள் என் கண்ணெதிரிலேயே பட்டினிக்காரன் வயிறு மாதிரி உள்ளே போய்விட்டது. இன்னொன்று செய்ய நேரமில்லை. அதையே டப்பாவில் வைத்து எடுத்துப்போனேன்.

முதலாளி ஒரு துண்டு வெட்டி முகர்ந்தார். வாயில் போட்டார். முகம் சுளித்தார்.

"பவுடரு எவ்ளோ போட்ட?"

கம்பெனியில் ஆறு வருஷமாக சூப்பர்வைசர் பீஸ் கணக்கை என்னிடம் அதே குரலில்தான் கேட்பார், எவ்ளோ போட்ட, எவ்ளோ போட்ட என்று. எப்போது கேட்டாலும் குறைவு என்றுதான் அர்த்தம். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நான் ஒண்ணும் கஞ்சத்தனம் பண்ணல சார். ரெண்டு பங்கு போட்டிருக்கேன்!"

"ரெண்டு பங்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "இல்லம்மா, இந்த ஊருக்கு..."

"எனக்கும் தெரியும் சார், நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது? அந்த மனிதர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவிட்டிருக்கலாம்.

இரண்டு வாரத்தில் அறையைக் காலி செய்தேன். மத்தூர் போகும் பஸ்ஸில் ஓவனை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இருக்க முடியாமல் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டேன். அதன் அடியில் கமெண்டில் ஊட்டிக்கார அம்மா ஒருவர் எப்போதோ எழுதியிருந்தார். மேட்டு ஊரில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேக் சட்டென்று வீங்கி, வேகுமுன்னே உட்கார்ந்துவிடும். பவுடரைக் குறையுங்கள், பால் கொஞ்சம் கூட்டுங்கள், சூட்டையும் கொஞ்சம் ஏற்றுங்கள். இட்லி எழும்பாததற்குக் குளிர் காரணம், கேக் உட்கார்ந்ததற்கு மேடு காரணம். இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து நான் மருந்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். தோழிக்குப் போன் செய்து, பேக்கரியில் இன்னும் ஆள் தேடுகிறார்களா என்று பார்க்கச் சொன்னேன். "புது மாஸ்டர் போன வாரமே வந்தாச்சுடி" என்றாள். பஸ் சூளகிரியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தார்கள். "கடையில எதுக்கு வாங்கணும், எம் பொண்ணே கேக்கு செய்வா" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். இரண்டு ஸ்பூன் போட்டால் இங்கேயும் கசக்கும், இங்கேயும் உட்காரும், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று எழுந்து போனாலும் போவார்கள். ஆனாலும் பாழாய்ப்போன ஆசை ஒன்று இருந்தது. ஒரே ஒருமுறை அது உட்காராமல் நிற்பதைப் பார்க்கவேண்டும். மத்தூர் மேட்டு ஊரில்லை, வீடியோவில் சொன்ன அளவே போதும். ஒரு ஸ்பூன் போட்டேன்.

நின்றது. நடுவில் ஒரு விரல் அளவு கூடக் குழி இல்லை. வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன், பிறகு முகம் கழுவிக்கொண்டு வெட்டி எடுத்துப்போனேன். எல்லோரும் இரண்டாம் துண்டு கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் பூ வைத்தார். அப்பா தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பஞ்சாட்டம் இருக்குதே கண்ணு" என்றார் அந்த அம்மா. "பவுடரு எவ்ளோ போட்ட?"

இந்தமுறை நான் குரலை உயர்த்தவில்லை. "ஒரு ஸ்பூன்தான் அத்தை" என்றேன்.