ஆறு வேளைக்கு எத்தனை வெட்டு

1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை சற்று ஓய்ந்து, வெள்ளவத்தைக் கடலின் உப்புக் காற்று மட்டும் ஜன்னலால் வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயதும் நான்கு மாதமும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சின்ன மாமாவுக்காகக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சின்ன மாமா என் தாயின் கடைசித் தம்பி. காலி வீதியில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்கப் பழகிக்கொண்டு, எங்கள் வீட்டில் தங்கி, ஜூலையில் வரவிருந்த மருந்தாளர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனை எழுதுவதென்றால், 'இவர் என்னிடம் ஒழுங்காகப் பயின்றார்' என்று டாக்டர் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக மாமா இரண்டு வருடமாக டாக்டரின் கார்ச் சத்தத்துக்கே எழுந்து நின்றவர்.

அந்த நாளில் மருந்து பெரும்பாலும் வில்லையாக வராது. போத்தலில் கலக்கிக் கொடுப்பார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்கு, ஓரத்தில் வெட்டுப் போட்ட காகிதப் பட்டி ஒன்றைப் போத்தலின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒட்டுவார்கள். மாமா படிக்கட்டும் என்று அந்தப் பட்டிகளை வெட்டும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். எண்ணுவதில் என்னை மிஞ்ச எங்கள் ஒழுங்கையின் எந்த வீட்டிலும் ஆளில்லை என்பது என் எண்ணம்.

"எத்தனை வெட்டு, மாமா?"

"ஆறு வேளை மருந்து," என்றார், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

ஆறு வேளை என்றால் ஆறு வெட்டு. பட்டி மூன்றரை அங்குலம். அரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் ஆறு வெட்டும் பிசகாமல் விழுந்தன. கணக்கு இவ்வளவு அழகாக வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அன்று நம்பினேன். பன்னிரண்டு பட்டிகளை வெட்டி அடுக்கிக் கொடுத்தேன். மாமா அவற்றை அப்படியே சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஒருக்கா எண்ணிப் பாருங்கோவன்."

"நீ எண்ணின பிறகு நான் ஏனடா எண்ணுவான்?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு மாமா டிஸ்பென்சரிக்கும் நான் பள்ளிக்கூடத்துக்குமாக ஒரே குடையில் போனோம். ஒழுங்கை முனை வீட்டு விறாந்தையில், புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருந்த ஹாஜியார் கையில் மருந்துப் போத்தலோடு நின்றார். எங்களைக் கண்டதும் அதைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, ஒங்கட கட நல்ல கட! ரெண்டு நாளைக்கு ஆறு வேள எண்டுதானே சொன்னீங்க? ஆறும் குடிச்சி முடிஞ்சி. இன்னும் ஒரு வேள ஈக்குது! நான் புடவ விக்கக்குள்ள ஒரு முழம் கூட்டிக் குடுத்தா, என்ட மகன் என்னைய ஏசுவான்."

"அந்த மிச்சத்தை என்ன செய்யப் போறீங்கள்?" என்று மாமா கேட்டார்.

"என்ன செய்ய, சாப்பிட்டுட்டு அதையும் குடிச்சிட்டுப் போற. சல்லி குடுத்து வாங்கின மருந்தில்லையா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாமா பையிலிருந்து ஒரு பட்டியை எடுத்து விரலால் தடவி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. பட்டியின் இரண்டு முனைகளும் எல்லைகள்தானே. ஆறு வேளைக்கு ஐந்து வெட்டுப் போதும். நான் போட்ட ஆறு வெட்டு, மருந்தை ஏழாகப் பிரித்திருந்தது.

மாமா உடனே உள்ளே போகவில்லை. கேற்றில் கைவைத்தபடி நின்றார். குடைக் கம்பி ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எண்ணினேன். பதினேழு சொட்டு. மழை விடட்டும் என்று நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கேற்றைத் திறந்துகொண்டு விறுவிறென்று போய், ஹாஜியாரின் கையிலிருந்து போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோலத் தடித்துக் கிடந்தது.

"ஹாஜியார், குடிக்க முன்னம் குலுக்கினனீங்களோ?"

"ஏன் குலுக்க? பிஸ்மில்லாச் சொல்லித்தான் குடிச்ச."

"குலுக்கச் சொல்லிச் சிவப்பு லேபிள் ஒட்டியிருக்கே."

"அது இங்கிலீசில்லையா தம்பி? கடைட பேரெண்டு நெனச்ச."

மாமா அவருக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்தத் தூள் தண்ணீரில் கரையாது. சும்மா வைத்தால் அடியில் போய்த் தங்கிவிடும். ஆகவே மேலே இருந்தது பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். "இதுக்குள்ள இருக்கிறது ஒரு வேளை இல்லை, ஹாஜியார். உங்கட ரெண்டு நாள் மருந்தும் இதுக்குள்ளதான் கிடக்கு. ஒரேயடியாக் குடிச்சா வயிறு தாங்காது." பட்டியில் நடந்த பிழையையும் சொன்னார். பிழை தன்னுடையது என்று சொன்னார்.

ஹாஜியார் எட்டிப் போத்தலின் பட்டியை விரலால் அளந்து பார்த்தார். "அப்ப நீங்க கூட்டித் தரல்ல. முழக்கோல கட்டையா வெட்டிட்டு, ஆறு முழத்த ஏழு முழம் எண்டு அளந்திருக்கீங்க."

"ஓம்."

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். மாமா அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் வேறு மருந்து கலக்கிக் கொடுத்தார். என் பட்டி ஒட்டிய மற்ற மூன்று போத்தல்கள் போன வீடுகளுக்கும் அன்று பின்னேரமே நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் அறைக்கும் நோயாளிகளுக்கும் நடுவே ஒரு சுவர். அதில் போத்தல் நுழையுமளவு ஒரு துவாரம். மாமாவின் முகத்தை வெளியிலிருந்து யாரும் பார்த்ததில்லை. நான் போனபோது, ஹாஜியார் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு டாக்டரின் முன்னால் நின்று மாமாவைப் பற்றி உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சிரித்துத் தலையாட்டி அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"நீர் ஆர், வீடு வீடாப் போய் மருந்து விளங்கப்படுத்த? கலக்கிறது உம்மட வேலை. கதைக்கிறது என்ர வேலை. இந்த முறை கையெழுத்துக் கேட்டு வராதையும்."

மாமா மருந்து அரைக்கும் குழவியைக் கழுவித் துடைத்துக் கல்வத்தில் வைத்தார். எனக்கோ ஹாஜியார் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று ஆத்திரம். அவர் பிறகு தந்த எந்த இனிப்பையும் நான் தொடவில்லை. மூன்று முறை தந்தார், மூன்று முறையும் மறுத்தேன். மனிதர் நன்றி சொல்லத்தான் போனார் என்பது எனக்கு விளங்கவே பல வருடங்கள் சென்றன. என் ஆறு வெட்டுக்குத்தான் தண்டனை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

போன மாதம் காலி வீதி மருந்துக் கடையில் இருபத்தெட்டு வில்லை வாங்கினேன். ஒரு சின்னப் பெண், பட்டம் பெற்ற மருந்தாளர், எதை எப்போது, எதோடு குடிக்கக் கூடாது என்று என் மணிக்கூட்டின்படி நான்கு நிமிடம் சொன்னாள். பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்களே என்று பதறினேன். "பரவாயில்லை அங்கிள். இப்பிடிக் கதைக்கிறதுக்கே எங்களுக்குச் சோதனை வச்சு மார்க்ஸ் போட்டவை," என்றாள். எனக்கு ஹாஜியார் வீட்டுக் கேற்று ஞாபகம் வந்தது. அன்று நான் சொட்டுகளை எண்ணினேன். மாமா வேறொன்றை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அரை வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தச் சோதனையை மாமா அடுத்த ஜனவரியில், டாக்டரின் கையெழுத்தோடு எழுதித் தேறினார். பட்டி வெட்டியது யார் என்று கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் இழந்தது ஜூலை முதலாம் திகதியிலிருந்து டிசம்பர் முப்பத்தோராம் திகதி வரை. இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணினால், நூற்று எண்பத்து நான்கு நாள்.