ஊறிக்கொண்டிருந்த அரிசி

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கட்டுரைத் தாள்களை வீடு போய்ச் சேரும்வரை பையில் வைத்திருக்கப் பொறுக்காது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தாள்களை உருவிவிடுவேன். காவிரிப் பாலம் வருவதற்குள் இரண்டு பேரையாவது மனசுக்குள் திட்டி முடித்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை திட்டுவதற்கு நிறைய இருந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு பழைய சிறுகதையைக் கொடுத்து, அதன் முடிவு பொருத்தமானதா என்று ஆராய்ந்து எழுதச் சொல்லியிருந்தேன். நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்த ஜெராக்ஸ். ஒரு பெண்ணின் ஒரு நாள்தான் கதை. சண்டை போட்டுவிட்டுப் போன கணவன் திரும்பி வருவானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு வீட்டு வேலை பார்க்கிறாள். மாலையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. இந்த முடிவைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கியிருந்தேன். கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்து நடித்துக்கூடக் காட்டினேன்.

பலன், வகுப்பு மொத்தமும் என் பேச்சை எனக்கே திருப்பி எழுதியிருந்தது. 'முடிவை வாசகர் கையில் விட்டுவிடுகிறார் ஆசிரியர்.' அடுத்த தாளிலும் விட்டுவிடுகிறார். அதற்கடுத்த தாளிலும் விட்டுவிடுகிறார். ஒரு பையன் மட்டும் 'விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்' என்று எழுதியிருந்தான். அந்த ஒதுங்கலுக்காகவே அவனுக்கு ஒரு மார்க் கூடப் போட்டேன்.

அப்புறம் வந்தது மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிற ஒரு பெண்ணின் தாள். முதல் வரியே இப்படி இருந்தது: 'இந்தக் கதையின் முடிவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கதை இன்னும் முடியவில்லை. நம்மிடம் ஒரு பக்கம் குறைகிறது.'

என்ன திமிர் என்று பேனாவைத் திறந்தேன். அடுத்த பத்தியைப் படித்ததும் மூடினேன். இந்த ஆசிரியர் கதையில் தொடங்கிய எந்த வேலையையும் பாதியில் விடுவதில்லை என்று அவள் எழுதியிருந்தாள். கதைப் பெண் கட்ட ஆரம்பித்த பூ, கட்டி முடிந்து தலைக்கு ஏறிவிடுகிறது. தையல் பிரிந்த ரவிக்கை தைத்து மடிக்கப்படுகிறது. அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கி இறங்கிவிடுகிறது. காலையில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி மட்டும் கடைசி வரிவரை ஊறிக்கொண்டே இருக்கிறது. 'பூவை மறக்காதவர் அரிசியை மறப்பாரா?' என்று கேட்டிருந்தாள். காணாமல் போன பக்கத்தில் அரிசி அரைபடும், கதைப் பெண் கதவைத் திறக்காமலே அரைக்கப் போய்விடுவாள் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். அரிசி ஊறிக்கொண்டுதான் இருந்தது! எத்தனை வருஷமாக நடத்துகிற கதை! மறுபடி படித்தேன், மறுபடியும் படித்தேன்.

"என்னம்மா, திரும்ப சத்திரத்துக்கேவா?" என்று கண்டக்டர் கேட்டபோதுதான், பஸ் ஸ்ரீரங்கம் போய்த் திரும்பிப் பாலத்தின்மேல் வந்துகொண்டிருப்பது உறைத்தது.

எங்கள் துறையில் ஒருவர் போட்ட மார்க்கை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். என் தாள்களைப் பார்ப்பவர் ஒரு மூத்த பேராசிரியை. தங்கமான மனுஷி, ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். சனிக்கிழமை அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது? குடுத்த பாடமே முழுசில்லைங்குது இந்தப் பொண்ணு. இதுக்கு எப்படிங்க பாஸ் போடுறது?"

"எப்படி யோசிச்சிருக்கா பாருங்கம்மா!"

"யோசிச்சிருக்கா, சரி. அந்தப் பக்கம் எங்க? திங்கக்கிழமை மார்க் ஏத்தணும். அதுக்குள்ள கண்ணுல காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா ஃபெயில்தான்."

கடைசி செமஸ்டர். இதில் ஃபெயிலானால் அரியர். அரியரோடு எம்.ஏ.வில் சேர முடியாது. அந்தப் பெண்ணின் எம்.ஏ. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதே நான்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பக்கத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

நூலகத்தில் கேட்டால், புத்தகம் தாள் தாளாகக் கழன்று பைண்டிங்குக்குப் போயிருக்கிறதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம். இணையத்தில் தேடினேன். கதை கிடைத்தது. ஆசையாகத் திறந்தால், என் பென்சில் கோடுகளோடு என் ஜெராக்ஸையே யாரோ ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். கதை முதலில் எந்த வாரப் பத்திரிகையில், எந்த வருஷம் வந்தது என்று தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் மாடி வீட்டு மாமா ரயில்வேயில் வேலை பார்க்கிறவர். பழைய வாரப் பத்திரிகைக் கதைகளை வருஷவாரியாக பைண்டு செய்து வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அந்த வருஷந்தானே? பேஷா இருக்கு. ஆனா வெளில ஏளப்பண்ண முடியாது, இங்கயே உக்காந்து பாருங்கோ" என்றார். பெருமாளை வெளியே எழுந்தருளப் பண்ணுவதற்குச் சொல்கிற வார்த்தையைப் புத்தகத்துக்குச் சொல்கிற மனிதர்!

கூடத்தில் உட்கார்ந்து புரட்டினேன். கதை வந்தது. பூ வந்தது, ரவிக்கை வந்தது, தாழ்ப்பாளில் கை வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். கதை தொடர்ந்தது!

நான் போட்ட கூச்சலில் மாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். கதைப் பெண் கதவைத் திறக்கிறாள். வந்தது கணவன் இல்லை, வாங்கிப்போன முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. அவளை அனுப்பிவிட்டு, ஆட்டுக்கல்லைக் கழுவி, அரிசியை அள்ளிப் போடுகிறாள். கல் சுற்றுகிற சத்தத்தோடு கதை முடிகிறது. கதவு விஷயத்தில் என் மாணவி சொன்னது தப்பு. அரிசி விஷயத்தில் அட்சர சுத்தமாகச் சரி. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை, போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார் பேராசிரியை. "அரைச்சுட்டாங்க, ஒத்துக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடி, "அப்போ மத்தவங்களை எல்லாம் என்னங்க பண்றது? எல்லாரும் தப்பாத்தானே எழுதியிருக்காங்க?" என்றார்.

"சொல்லிக் குடுத்தவளை ஃபெயிலாக்கிட்டு அவங்களை விட்டுடுங்கம்மா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

வகுப்பு தொடங்குமுன் அந்தப் பெண்ணை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். ஒரு கையில் மார்க் போட்ட கட்டுரைத் தாள், இன்னொரு கையில் அந்தக் கடைசிப் பக்கத்தின் பிரதி. துள்ளிக் குதிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கண் நேராகப் பிரதிக்குப் போனது. வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்தாள். முகம் சுருங்கியது.

"கதவைத் திறந்துட்டாளேம்மா" என்றாள்.

"அது கிடக்கட்டும். மார்க்கைப் பாரு. எம்.ஏ.வுக்கு இனிமே ஒரு தடையும் இல்லை."

"இருங்கம்மா" என்றாள், தலையைத் தூக்காமல். "மொதல்ல இருந்து படிச்சுப் பாக்குறேன். அவ கதவைத் திறப்பாங்கிறதுக்கு எங்கயோ ஒரு இடம் இருக்கு, அதை நான் விட்டிருக்கேன்."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து பழைய ஜெராக்ஸை எடுத்து விரித்தாள். சந்தோஷத்தில் நானும் குனிந்து அவளோடு தேட ஆரம்பித்தேன். மார்க் போட்ட தாள் என் கையிலேயே இருந்தது.