பங்களா முன்னால் தள்ளிய சைக்கிள்

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில் கலும்பாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினோம். ஒருநாள் காலை வேலையில் என் மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. மெயின் ரோட்டில் ஏதாவது லோரி கிடைக்கும் என்று அவளை சைக்கிளில் உட்காரவைத்து மிதித்தேன்.

வழியில் எஸ்டேட் மேனேஜர் தொரையின் பங்களா. தொழிலாளி யாரும் அதன் முன்னால் சைக்கிள் மிதிக்கக்கூடாது, இறங்கித் தள்ள வேண்டும். பின்னால் அவள் முனகுகிறாள். நான் இறங்கித் தள்ளினேன்.

ஜீப் கழுவிக்கொண்டிருந்த புது டிரைவர் மாணிக்கம் ஓடி வந்தார்.

"ஏண்ணே தள்றீங்க? ஜீப்பைக் கேக்க வேண்டியதுதானே!"

"அது தொரை வண்டி லா. நாம எப்படிக் கேக்குறது?"

"பாம்புக்கடி, பிரசவம்னா ஆளுங்களுக்கு இந்த ஜீப் போகணும்ணே. ஆபீஸ் பலகையில போட்டிருக்கே!"

பலகையில் எல்லாமே இங்கிலீஷ். எங்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. கண்ணை மூடாதே, மூடாதே என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடியபோது, மாணிக்கம் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியை விடாமல் கேட்டு, பலகையில் இருந்ததைத் தமிழில் சொல்ல வைத்தார். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "இன்னும் என்னென்ன இருக்குங்கய்யா எங்களுக்கு?"

பெரட்டில் எங்கள் ஆள் ஒருவர் கேள்வி கேட்டது அன்றுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவளைப் பார்க்க சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பங்களா வந்ததும் கால் தானாக இறங்கப் பார்த்தது. மிதித்துக்கொண்டே போனேன்.