இடது காதுக்கு ஒரு சண்டை

1. பிறந்த மறுநாள் செங்கல்பட்டு மருத்துவமனையில் என் மகளின் செவித்திறனைச் சோதித்தார்கள். வலது காதில் முடிவு சரியாக வந்தது. இடது காதில் வரவில்லை.
2. காதுக்குள் பிரசவ நீர் தங்கியிருக்கலாம், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் சோதனை செய்த பெண்.
3. கோவளத்தில், என் கணவர் வீட்டில், இதை ஒருவரும் நம்பவில்லை. கொழுந்தனார் படகு என்ஜினை வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தார்.
4. மகள் அசையாமல் தூங்கினாள்.
5. எல்லோரும் நம்பிவிட்டார்கள். மாமியார் அழத் தொடங்கினார்.

நான் அழவில்லை. ஆனால் ஆள் இல்லாதபோது அவளுடைய இடது காதருகே குனிந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் என் பெயரையே சொல்லிக் கூப்பிட்டேன்.

மறுசோதனைக்கு மாமியாரும் கொழுந்தனாரும் உடன் வந்தார்கள். காதில் சிறு முனையைச் செருகி மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நல்ல காது அதற்கு ஓர் எதிரொலி தரும். கருவி அதைப் பிடிக்க வேண்டுமானால் அறை அமைதியாக இருக்க வேண்டும், குழந்தை தூங்க வேண்டும்.

அறை அமைதியாகத்தான் இருந்தது. அதனாலேயே அவள் தூங்கவில்லை. வயிற்றில் இருந்தபோதே எங்கள் வீட்டுக் கூச்சலுக்குப் பழகியவள்.

"இன்னா ரூமு இது? சாவு வூட்ல கூட நாலு சத்தம் கேக்கும்" என்ற மாமியார், மகன் பக்கம் திரும்பினார். "டேய், வலைய மழையில போட்டுட்டுப் போனது யாருடா?"

"நீதாம்மா மூடறேன்னு சொன்ன!"

சண்டை ஏறியது. மகள் தூங்கிப்போனாள். சோதனை செய்யும் பெண் கை காட்ட, இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். மகள் விழித்து வீறிட்டாள்.

"கேக்குது! பாத்தியா அண்ணி, கேக்குது!" என்று கொழுந்தனார் குதித்தார்.

"அதுக்கு வலது காதே போதுங்க" என்றார் அந்தப் பெண்.

கார் தொழிற்சாலையில் இரைச்சலை அளப்பது என் வேலை. "அத்தை, திரும்பச் சண்டை போடுங்க. இந்தத் தடவை டக்குனு நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிகினே வாங்க" என்றேன்.

போட்டார்கள். வலையிலிருந்து போன வருடத்துக் கல்யாணத்துக்குப் போனார்கள், அங்கிருந்து கொழுந்தனார் பாதியில் விட்ட படிப்புக்கு. குரல் இறங்க இறங்க வார்த்தை தடித்தது. கடைசியில் "சோம்பேறி" என்றும் "எல்லாம் உன்னாலதான்" என்றும் உதடுகள் மட்டும் அசைந்தன. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

இப்போதைய நிலவரம்: இரண்டு காதும் கேட்கின்றன. மாமியாரும் கொழுந்தனாரும் பேசிக்கொள்வதில்லை. வீடு அமைதியாகிவிட்டதால் மகள் தூங்குவதில்லை.