பிள்ளைச்சாவடி குஞ்சம்மாளுக்குப் பிறகு

முதலியார்பேட்டை காசிலிங்கத்துக்கு ஊரில் பகையாளி என்று யாரும் கிடையாது. மில்லில் நூற்புப் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்தால் நேரே வீடு. தெருவில் குழாயடிச் சண்டை வந்தால்கூட வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். ஆனால் ஒரே ஒரு பெயரைக் கேட்டால் அவர் முகம் இறுகிவிடும். அந்தப் பெயருக்கு உரியவளை அவர் பார்த்ததுகூட இல்லை.

எழுபத்து நாலில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு சொல்தா ஒருவர் புது ரேடியோ வாங்கினார். அவருடைய பழைய ரேடியோவைக் காசிலிங்கம் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் வானொலி நிலையத்தில் நேயர் விருப்பம் வரும். கார்டு போட்டால் பெயரைப் படித்துவிட்டுப் பாட்டு போடுவார்கள். முதல் தடவை, "முதலியார்பேட்டை காசிலிங்கம்" என்று அந்த அறிவிப்பாளர் நிறுத்தி, அழகாகச் சொன்னபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மில்லுக்குள் இயந்திர இரைச்சலில் யாரும் யார் பெயரையும் கூப்பிட முடியாது. விசில் அடிப்பார்கள், இல்லாவிட்டால் தோளைத் தட்டுவார்கள். தன் பெயர் காதுக்கு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வாரந்தோறும் கார்டு. வாரந்தோறும் பெயரும் வந்தது. ஆனால் அது வரிசையின் கடைசியில் வந்தது; முதலில் எப்போதும் இன்னொரு பெயரே வந்துகொண்டிருந்தது.

"பிள்ளைச்சாவடி குஞ்சம்மாள்... முதலியார்பேட்டை காசிலிங்கம்."

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தார். பிறகு கார்டைத் தபால் பெட்டியில் போடாமல் பெரிய தபாலாபீசுக்கே கொண்டுபோய்ப் போட்டார். சிவப்பு மையில் எழுதினார். பண்டிகைக்கு வாழ்த்து எழுதினார். எதுவும் நடக்கவில்லை. காலாப்பட்டுப் பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்தால்கூட, அந்த வழியில்தானே பிள்ளைச்சாவடி இருக்கிறது என்று அவருக்குக் கசக்கும்.

திங்கட்கிழமை மில் வாசலில் பலராமன் பிடித்துக்கொள்வான். கூடவே வேலை செய்கிறவன்.

"நேத்து உம் பேரு வந்துச்சே, கேட்டேன்."

"ம்."

"அந்தம்மாவுக்கு அப்பறந்தான் வந்துச்சு."

அதோடு அன்றைய நாள் போய்விடும்.

அவர் மனைவி வரலட்சுமிக்கு வேறு எரிச்சல். "எத்தினி பேரு படிக்கிறாங்க. ஒங்க காதுல அவ பேரு மட்டும்தான் விழுது," என்றாள் ஒருநாள், சோற்றை வட்டிலில் தள்ளிக்கொண்டே. அவளுக்குப் புரியும்படி அதைச் சொல்லக் காசிலிங்கத்துக்குத் தெரியாது.

எண்பதாம் வருஷம் நிலையத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். நிகழ்ச்சிகளை மாற்றப்போகிறோம், நேயர்கள் கருத்து எழுதலாம் என்று அறிவித்தார்கள். காசிலிங்கம் அன்று சாயங்காலம் ஒரு கடிதம் எழுதினார். பெயர்களைப் படிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, அதை நிறுத்தினால் இன்னும் இரண்டு பாட்டு போடலாமே என்று. எழுதும்போது தன் பெயரும் போய்விடுமே என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. குஞ்சம்மாளின் பெயர் இனிமேல் காதில் விழாது என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் கருத்துக் கடிதங்களைப் படித்தார்கள். அவர் பெயரைச் சொல்லிப் படித்ததுதான் முதல் கடிதம்.

பெயர்களை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் நேயர் விருப்பமே போய்விட்டது. அந்த நேரத்தில் உரமூட்டை விளம்பரமும், யாரோ தேர்ந்தெடுத்த பாட்டுகளும், பாட்டுகளுக்கு நடுவே நீளமான பேச்சும் வந்தன. பழைய அறிவிப்பாளரைச் செய்திப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மில் எதிரில் இருந்த டீக்கடை ரேடியோவின் முள் இலங்கை வானொலிக்குப் போனது. சலூனிலும் அப்படியே. பலராமன்கூட, "இன்னாத்த கேக்குறது இதுல?" என்று விட்டுவிட்டான்.

காசிலிங்கம் மட்டும் விடவில்லை. எல்லோரும் போனபிறகு தான் ஒருவனே இருப்பதில் அவருக்கு ஒரு வெற்றி தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கேட்கிற ஆட்கள் குறைந்துவிட்டதைப் பார்த்து நிலையத்தார் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நேயர் சந்திப்பு வைத்தார்கள். பாதி நாற்காலி காலி. நீண்டகால நேயர் என்று காசிலிங்கத்தை மேடையில் உட்கார வைத்து, சந்தன மாலை போட்டார்கள். அவர் கண்கள் பெண்கள் வரிசையிலேயே அலைந்தன. எந்த முகத்தைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினார். கடைசியில் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம், "பிள்ளைச்சாவடியிலேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை.

அவள் பார்க்காத மாலை கழுத்தில் கிடந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தது அவருக்கு. அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடியில் இறங்கினார்.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. "ரேடியோ குஞ்சம்மாளா?" என்று கேட்டு ஒருவர் கையைக் காட்டினார். அதுவும் குத்தியது. முதலியார்பேட்டையில் யாரும் அவரை ரேடியோ காசிலிங்கம் என்று சொன்னதில்லை.

அவர் வயதுதான் இருக்கும் அவளுக்கு. கடைத்தெருவில் மீன் விற்றுவிட்டு வந்து, வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே இலங்கை பாடிக்கொண்டிருந்தது.

"நான் முதலியார்பேட்டை..." என்று ஆரம்பித்தார்.

"காசிலிங்கமா?" என்றாள் அவள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன். உக்காருங்க."

அவர் நேயர் சந்திப்பைப் பற்றிச் சொன்னார். மேடையைச் சொன்னார், மாலையைச் சொன்னார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஸ்டேசனையா இன்னும் கேக்குறீங்க?" என்றாள் அவள். "எம் பேரு இப்ப இலங்கையில வாரா வாரம் வருது."

கடல் தாண்டியும் அவள் முன்னால் போய்விட்டாள்.

"பேரு படிக்கிறத நிறுத்தச் சொல்லி எழுதுனது நீங்கதான," என்றாள் குஞ்சம்மாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கும் அப்படி எழுதணும்னு தோணிச்சு. கார்டுகூட வாங்கி வச்சிட்டேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

"ஒங்க பேருதான எப்பவும் மொதல்ல வந்துச்சு. ஒங்களுக்கு இன்னா கொற?"

"மொதல்ல படிச்சா யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைசியா ஒங்க பேரச் சொல்லிட்டு அந்த மனுசன் கொஞ்சம் நிறுத்துவாரு. அப்பறம்தான் பாட்டு. கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். பல நாளு பாட்டே கேக்காம நிறுத்தியிருக்கேன்."

காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு வருஷமும் இந்த வீட்டில் ஒருத்தி தன் பெயரைக் கேட்டுப் பொருமியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது. மோர் கொடுத்தாள், குடித்தார். இலங்கைக்கு எழுதுகிற விலாசத்தைக் கேட்க நினைத்து, கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். அவளும் தானாகச் சொல்லவில்லை.

எண்பத்தைந்தில் நிலையம் மறுபடியும் நேயர் விருப்பத்தைக் கொண்டுவந்தது. பெயரும் படித்தார்கள். கார்டு போடுகிறவர்கள் குறைவு. முதல் வாரமே காசிலிங்கத்தின் பெயர் முதலில் வந்தது. பின்னால் யாரோ இரண்டு பேர். அவர் ரேடியோவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் இரண்டு கார்டு வாங்கி வந்தார். ஒன்றில் தன் பெயரை எழுதினார். இன்னொன்றில் குஞ்சம்மாளின் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போது வரலட்சுமி பார்த்துவிட்டாள்.

"அவளுக்கு நீங்க எதுக்கு எழுதுறீங்க?"

"அவ இல்லாத எடத்துல மொதல்ல வந்து இன்னா பிரயோசனம்?"

வரலட்சுமி அந்தக் கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ரேடியோவுக்கு இதுவரை எதுவும் எழுதாதவள் அவள்.

"என் பேரையும் போடுங்க," என்றாள். "அவளுக்கு மேல."